மரத்தை வைத்துக்கொண்டே கார் தளத்தை அகலப்படுத்த

வாசகர் கேள்வி – பதில்

கார் நிறுத்தும் தளத்தை ஒரு பக்கம் நீட்டிக் கான்கிரீட் போட வேண்டும், அந்தப் பக்கத்தில் மரமோ செடியோ இருக்கிறது என்று வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். கலவையைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். ஆனால் இந்த வேலை தேறுவதும் கெடுவதும் கலவை போடுவதற்கு முன்பு, மண்ணைத் தோண்டும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் வேரிலிருந்து தொடங்குகிறோம்.

கேள்வி: தளத்தை 1.2 மீட்டர் அகலத்துக்கு, 6 மீட்டர் நீளத்துக்கு நீட்டப் போகிறோம். புதிய ஓரத்திலிருந்து 2.5 மீட்டர் தள்ளி ஒரு வேப்பமரம். அடிமரம் 30 செ.மீ. தடிமன் இருக்கும். இந்த இடைவெளி போதுமா? "ஆணிவேர் நேரே கீழே போயிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார் மேஸ்திரி.

பதில்: பலரும் நம்புவதைத்தான் மேஸ்திரி சொல்கிறார். தோண்டிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் 60 செ.மீ.க்குள்தான் கிடக்கும். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்கள் இன்னும் மேலே, முதல் 30 செ.மீ.க்குள். மூச்சுவிடக் காற்று அங்கேதான் கிடைக்கிறது. கன்றுப் பருவத்தில் ஓங்கி இறங்கிய ஆணிவேரைப் பல மரங்களில் பக்கவேர்கள் பின்னால் மிஞ்சிவிடுகின்றன. கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் போகின்றன. தளத்துக்காக நீங்கள் அள்ளப்போகும் 15, 20 செ.மீ. மண்தான் மரத்துக்குச் சாப்பாடு போடும் மண்.

எவ்வளவு தூரம் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 94 செ.மீ. என்றால் விட்டம் 30 செ.மீ. அதை 12-ஆல் பெருக்குங்கள்: 3.6 மீட்டர். மரத்தை நடுவில் வைத்து இந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அது வேர்க்காப்பு வட்டம். பிரிட்டிஷ் தரவிதி பி.எஸ். 5837 பின்பற்றும் கணக்கு இது. அந்த வட்டத்துக்குள் மூடப்படாமல் இருக்கும் மண்ணில் 20 சதவீதத்துக்கு மேல் புதிதாக மூடக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

உங்கள் தளம் அந்த வட்டத்துக்குள் 1.1 மீட்டர் நுழைகிறது. மூடப்படும் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். முழு வட்டம் 40 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். பத்தில் ஒரு பங்குதான் என்பதால் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த 1.1 மீட்டரில் இயந்திரம் இறங்கக்கூடாது. பொக்லைன் வாளி ஒரு வேரில் மாட்டினால் அதை அறுக்காது, பிடித்து இழுக்கும். வேர் மரத்தை நோக்கி நார்நாராகப் பிளந்துகொண்டே போகும். பள்ளத்தில் நீங்கள் பார்க்கும் காயத்தைவிட மண்ணுக்குள் இருக்கும் காயம் பெரியது.

இன்னொரு எல்லையையும் மனத்தில் வையுங்கள். விட்டத்தின் 3 மடங்கு, அதாவது உங்கள் மரத்துக்கு 90 செ.மீ. இதற்குள் இருக்கும் வேர்கள் மரத்தை நிற்கவைப்பவை. எந்தக் காரணத்துக்காகவும் அங்கே கடப்பாறை படக்கூடாது.

வேலை தொடங்கும் முன், மரத்தை நோக்கிய ஓரத்தில் முழு நீளத்துக்கும் ஒரு சோதனைப் பள்ளம் எடுங்கள். அகலம் 30 செ.மீ., ஆழம் 40 செ.மீ. போதும். மண்வெட்டியால் கொத்தாமல், தோட்டத்து முள்கரண்டியாலும் சின்னக் கரணையாலும் மண்ணைத் தளர்த்தி அள்ளுங்கள். இறுகிய மண்ணைக் குழாய்த் தண்ணீர் அடித்தும் கரைக்கலாம். கிடைக்கும் ஒவ்வொரு வேரின் தடிமனையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தின் அகலத்தை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 20 செ.மீ. குறைத்துக்கொண்டால் ஒரு நல்ல வேர் தப்பும் என்றால், குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளம் தோண்டியதில் 6 செ.மீ. தடிமனுள்ள வேர் ஒன்று, மண்ணுக்கு 8 செ.மீ. கீழே, தளம் வரும் இடத்தின் குறுக்கே போகிறது. சுண்டுவிரல் கனத்தில் சில வேர்களும் உண்டு. வெட்டுவதா, அப்படியே மேலே போட்டுவிடுவதா?

பதில்: 2.5 செ.மீ.க்குக் குறைந்த வேர்களை வெட்டலாம். கூர்மையான கைரம்பத்தாலோ கத்தரியாலோ, பள்ளத்தின் மரத்துப் பக்கச் சுவரை ஒட்டி, நேர்குறுக்காக ஒரே வெட்டு. நார் தொங்கக்கூடாது. வெட்டிய முனையில் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான வெட்டிலிருந்துதான் புது வேர் கிளைக்கும். பள்ளம் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். சல்லிவேர் வெயிலில் சற்று நேரத்திலேயே காய்ந்துவிடும்.

6 செ.மீ. வேரைக் காப்பாற்றப் பாருங்கள். ஆனால் அதன் மேல் நேரடியாகக் கான்கிரீட் போடாதீர்கள். வேர் தளத்தின் அடிப்பாகத்தில் முட்டிக்கொண்டிருந்தால் 10 செ.மீ. தளம் அந்த வரியில் மட்டும் 6, 7 செ.மீ. ஆகிவிடும், விரிசல் அதே வரியில் விழும். வேரோ ஆண்டுதோறும் பருத்துக்கொண்டிருக்கும்.

பழைய தளத்தின் மேல்மட்டம் தரையைவிட 7 செ.மீ. உயரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சமமாகப் புதுத் தளம் வந்தால் அதன் அடி, மண்ணுக்கு 3 செ.மீ. கீழே நிற்கும். வேரின் முதுகுக்கும் தளத்தின் அடிக்கும் இடையில் 5 செ.மீ. இடம் உண்டு. வேரைச் சுற்றி, உப்பில்லாமல் கழுவிய பருமணலைக் கையால் நிரப்புங்கள். வேரின் முதுகின் மேல் 15 செ.மீ. அகலத்தில், 25 மி.மீ. கனமுள்ள மெத்தென்ற ஃபோம் பட்டையைப் படுக்கவையுங்கள். வேர் பருக்கும்போது முதலில் அந்த ஃபோம்தான் நசுங்கும்.

இதைவிட முக்கியமானது இணைப்பு விழும் இடம். தளத்தைத் துண்டுதுண்டாகப் பிரிக்கத்தான் போகிறீர்கள்; ஒரு பிரிவுக்கோடு சரியாக வேரின் மேல் விழும்படி அமையுங்கள். கம்பிகள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் அங்கேயே முடியட்டும். பத்து ஆண்டு கழித்து வேர் தூக்கினாலும் துண்டு நடுவில் உடையாது, ஓரத்தில் சற்று எழும்பும், அவ்வளவுதான். அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடலாம்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால்? வெட்டும் இடம் மரத்திலிருந்து 2.5 மீட்டரில், விட்டத்தின் எட்டு மடங்கில் இருக்கிறது. நலமாக இருக்கும் மரம் ஒரே பக்கத்தில் ஒரே ஒரு வேரை இழப்பதைத் தாங்கும். அதே பக்கத்தில் இப்படி மூன்று, நான்கு இருந்தால் வெட்டாதீர்கள், தளத்தை நகர்த்துங்கள். மரம் தளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் வெட்டக்கூடாது. சாய்வை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவை இந்தப் பக்கத்து வேர்கள்.

கேள்வி: அடிமண், ஜல்லி, கலவை எல்லாவற்றுக்கும் அளவு சொல்லுங்கள். 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். கார் மட்டும்தான் நிற்கும்.

பதில்: காருக்கு 10 செ.மீ. தளம் போதும். கனரக வண்டி எப்போதாவது ஏறும் என்றால் 15 செ.மீ.

வேரில்லாத பகுதியில் அடிமண்ணைத் தண்ணீர் தெளித்து நன்றாக இடியுங்கள். வேர்ப் பகுதியில் அதிர்வு இயந்திரம் வேண்டாம். மண்ணின் நுண்துளைகள் மூடிக்கொண்டால் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. வேரை வெட்டாமலே கொன்றதுபோல் ஆகிவிடும். அங்கே தளர்ந்த மண்ணை மட்டும் கைத்திமிசால் லேசாகத் தட்டி, மேலே நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். துணி ஜல்லியை மண்ணுக்குள் புதையவிடாது. தண்ணீரும் காற்றும் போகும்.

அதன் மேல் 10 செ.மீ. ஜல்லி. வேர்ப் பகுதிக்கு 20 மி.மீ. முதல் 40 மி.மீ. வரையுள்ள, தூள் இல்லாத சுத்தமான ஜல்லி வாங்குங்கள். வழக்கமாகப் போடும் கிராவலும் கிரஷர் தூளும் இங்கே வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. தளத்தின் அடியில் ஈரம் வியர்த்து நிற்கும். தளத்துக்கும் அடிமண்ணுக்கும் இடையில் விழும் மெல்லிய இடுக்கில் ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கும். வேருக்கு அதைவிடச் சுகமான வழி இல்லை. அந்த இடுக்கில் புகுந்து பருத்துத்தான் தளத்தைத் தூக்குகிறது. தூளில்லாத ஜல்லியில் பெரிய பெரிய இடைவெளிகள் இருப்பதால் அங்கே ஈரம் நிற்பதில்லை. வேர் அதற்கும் கீழே உள்ள மண்ணிலேயே ஓடும். பருத்தாலும் அழுத்தத்தை ஜல்லி பரப்பிக்கொள்ளும். முழுதாகத் தடுத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பல ஆண்டு தள்ளிப்போடும்.

ஜல்லியின் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு. அதன் ஓரத்தை, கான்கிரீட் வழியாமல் ஓரத்தில் அடைக்கும் பலகையின் உட்பக்கமாக மேலே தூக்கிவிடுங்கள். ஈரக் கான்கிரீட்டின் பால் கடும் காரம்; பி.எச். 12-க்கு மேல். அது ஜல்லி வழியாக வேருக்கு இறங்கக்கூடாது. பலகைக்கு முளை அடிக்கும்போதும் பார்த்து அடியுங்கள். தோண்டிக் காப்பாற்றிய வேரின் நடுவில் முளையை இறக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இனி அளவு. 6 × 1.2 × 0.1 = 0.72 கன மீட்டர். சேதாரம் சேர்த்து 0.8 என்று வையுங்கள். எம் 20 கலவை, அதாவது சிமென்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3. இதற்கு 50 கிலோ மூட்டையில் ஆறரை மூட்டை சிமென்ட், 12 கன அடி மணல், 24 கன அடி 20 மி.மீ. ஜல்லி தேவைப்படும். தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். வேலை சுலபமாகிறது என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். அப்படிக் கூட்டிய கலவை அதிகம் சுருங்கும், மேல்தோல் தூளாக உதிரும். பக்கத்தில் நின்று அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

அடியில் போடும் ஜல்லி, இடித்து அடங்குவதையும் சேர்த்தால், 32 கன அடி வரை பிடிக்கும். கம்பி 8 மி.மீ., இரு திசையிலும் 20 செ.மீ. இடைவெளி. கவர் பிளாக், அதாவது கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகள் மேல் 5 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள். தரையில் கிடக்கும் கம்பியைக் கான்கிரீட் கொட்டியபின் கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்பதை ஏற்காதீர்கள். ஆள் மிதிக்க மிதிக்க அது மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ., வீட்டுக்கு எதிர்ப்புறமாக. மரத்துப் பக்கம் வாட்டம் கொடுக்க முடிந்தால் மழைத் தண்ணீர் மரத்துக்குப் போகும், நல்லதுதான். கான்கிரீட் கொட்டும் முன் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றைக் குறுக்கே அடியில் பதித்து இரு முனையையும் மூடி வையுங்கள். பின்னால் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ கொண்டுபோகத் தளத்தை உடைக்க வேண்டியிராது.

கேள்வி: பழைய தளத்தோடு புதியதைக் கம்பி போட்டு இணைக்க வேண்டுமா? எங்கள் பக்கத்து வீட்டில் இணைப்பில் ஒரு படி விழுந்துவிட்டது. புதுத் தளம் நெடுகக் குறுக்கு விரிசலும் இருக்கிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. படி விழுந்தது அடிமண் இறங்கியதால். பழைய தளத்தின் அடியில் பல ஆண்டு இறுகிய மண். புதியதன் அடியில் நேற்றுத் தோண்டி நிரப்பிய மண். சக்கரம் இணைப்பைக் கடக்கும் இடங்களில் 12 மி.மீ. கம்பியை, 40 செ.மீ. நீளத் துண்டுகளாக, 60 செ.மீ.க்கு ஒன்று வீதம், பழைய தளத்தின் கனத்தில் நடுமட்டத்தில் 15 செ.மீ. துளையிட்டு எபாக்சிப் பசையில் ஊன்றுங்கள். துளையில் உள்ள தூளை ஊதி எடுக்காமல் ஊன்றினால் எபாக்சி தூளைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது.

மரத்துக்கு மிக அருகில் வரும் துண்டில் மட்டும் கம்பி வேண்டாம். அங்கே பழையதுக்கும் புதியதுக்கும் இடையில் 12 மி.மீ. ஃபோம் பலகையை முழு ஆழத்துக்கும் நிறுத்துங்கள். வேர் தூக்கினால் அந்தத் துண்டு தனியாக எழும்பட்டும், பழைய தளத்தையும் சேர்த்து உடைக்க வேண்டாம்.

குறுக்கு விரிசல் வந்தது, நீளமான பட்டையைப் பிரிக்காமல் விட்டதால். கான்கிரீட் காயும்போது சுருங்கும். நாம் கோடு கீறிக் கொடுக்காவிட்டால் தானே ஒரு கோடு கீறிக்கொள்ளும். ஒரு துண்டின் நீளம் அதன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. 1.2 மீட்டர் அகலப் பட்டைக்கு 1.5 மீட்டருக்கு ஒரு கோடு, ஆக 6 மீட்டரில் நான்கு துண்டு. கோட்டின் ஆழம் கனத்தில் கால்பங்கு, 2.5 செ.மீ. மேலாகக் கரணையால் இழுத்த அரை அங்குலக் கீறல் அழகுக்குத்தான் ஆகும். பழைய தளத்தில் ஏற்கெனவே உள்ள கோடுகளுக்கு நேராகப் புதுக் கோடுகள் வரவேண்டும். பழையதில் ஒரு கோடு வந்து முட்டும் இடத்தில் புதியதில் கோடு இல்லையென்றால், விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

வெட்டும் இயந்திரத்தால் கோடு போடுவதென்றால் அன்றைக்கே, ஓரம் பெயராத அளவு இறுகியவுடன் போட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் மறுநாள்வரை காத்திருந்தால் விரிசல் முந்திக்கொள்ளும்.

கேள்வி: வேர்க்காப்பு வட்டத்தில் ஏறக்குறைய பாதி, தளத்துக்குள் வந்துவிடுகிறது. வேறு வழியே இல்லையா?

பதில்: அங்கே கான்கிரீட் வேண்டாம். வண்டி நிறுத்த வேறு வழிகள் இருக்கின்றன. சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் 60 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை போட்டு, நடுவைத் திறந்த மண்ணாக விடலாம்; மூடும் பரப்பு பாதியாகக் குறையும். தோண்டவே இடமில்லை என்றால் புல்லை மட்டும் செதுக்கிவிட்டு, ஜியோ டெக்ஸ்டைல் விரித்து, தேன்கூடுபோல் விரியும் 10 முதல் 15 செ.மீ. உயர பிளாஸ்டிக் அறைத்தட்டுகளைப் பரப்பித் தூளில்லாத ஜல்லியால் நிரப்புங்கள். ஜல்லி பக்கவாட்டில் நகர முடியாததால் சக்கரத்தின் பாரம் பரவிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: தரைமட்டம் இதனால் உயரும். அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் தூரை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். பட்டை மண்ணுக்குள் போனால் அழுகும்.

துளைக் கான்கிரீட்டைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். மணலை ஏறக்குறைய முழுதாக விட்டுவிட்டு, ஒரே அளவு ஜல்லியைச் சிமென்ட் பாலில் புரட்டிப் போடுவது. 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம் இருக்கும். தண்ணீர் இறங்கும். இலைத்தூளும் மண்ணும் அடைத்துக்கொள்ளும் என்பதால் மரத்தடியில் அதைப் பெருக்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் போடலாம்.

கேள்வி: தளம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. ஓரத்தில் வரிசையாக உள்ள இட்லிப்பூச் செடிகளின் புது இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சை. உரம் வைத்தும் மாறவில்லை.

பதில்: இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும். மண் காரமாகிவிட்டதால் செடியால் எடுக்க முடியவில்லை. இட்லிப்பூ, கார்டினியா, ஹைட்ரேஞ்சியா மூன்றும் அமிலப் பாங்கான மண்ணை விரும்புபவை. சிமென்ட் பக்கத்தில் முதலில் முகம் வாடுவது இவைதான். தழைச்சத்து உரம் வைக்க வைக்க மஞ்சள் கூடவே செய்யும், நிறுத்துங்கள்.

செடியின் அடியில் 10 செ.மீ. தோண்டிப் பாருங்கள். வேலையாட்கள் சட்டியும் கரணையும் கழுவிக் கொட்டிய சாம்பல் நிறக் கட்டிகள் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டியையும் சுற்றியுள்ள மண்ணையும் எடுத்துவிட்டு, மக்கிய இலை உரம் கலந்த புது மண் போடுங்கள். உடனடிப் பலனுக்கு 0.5 சதவீத ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலை, அதாவது லிட்டருக்கு 5 கிராம், மாலையில் இலைமேல் தெளியுங்கள். தளத்தில் பட்டால் துருக்கறை பிடிக்கும், சாக்கால் மூடிக்கொள்ளுங்கள். மண்ணில் இடுவதென்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புச் செலேட் கார மண்ணிலும் வேலை செய்யும். கந்தகத்தூள் மண்ணை மெல்ல மாற்றும், மாதக்கணக்கில் ஆகும்.

இன்னும் தளம் போடாதவர்கள் ஒன்று செய்யலாம்: கழுவுவதற்கென்று செடிகளிடமிருந்து விலகிய இடத்தில் ஒரு குழி தோண்டிப் பாலித்தீன் விரித்துக் கொடுத்துவிடுங்கள். இடம் காட்டாவிட்டால் மரத்தடி நிழலில்தான் கழுவுவார்கள்.

கேள்வி: வேர்த்தடுப்புத் தகடு பதித்தால் தளம் தப்புமா?

பதில்: இளம் மரத்துக்கு நல்ல வழி. வளர்ந்த மரத்துக்குத் தகடு பதிக்க 60 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுவதே வேரை வெட்டுவதுதான், அதனால் முதல் கேள்விக்குச் சொன்ன தூரக் கணக்கு இதற்கும் பொருந்தும். 1 முதல் 2 மி.மீ. கனமுள்ள எச்.டி.பி.ஈ. என்னும் கெட்டி பிளாஸ்டிக் தகடு வாங்குங்கள். அதில் நெடுக உள்ள விலா வரிகள் மரத்தைப் பார்த்திருக்க வேண்டும். தகட்டில் முட்டிய வேர் பக்கவாட்டில் ஓடாமல் அந்த வரியைப் பிடித்துக் கீழே இறங்கும். மேல்விளிம்பு மண்ணுக்கு 1, 2 செ.மீ. மேலே தெரியட்டும், மண்ணோடு புதைத்தால் வேர் அதன் மேலேறிக் கடந்துவிடும். மரத்தைச் சுற்றி வளையமாகப் போடாதீர்கள். தளத்தின் ஓரத்தை ஒட்டி நேர்க்கோடாகப் போட்டு, இருபுறமும் கொஞ்சம் நீட்டி முடித்தால் போதும்.

கேள்வி: இத்தனை தொல்லை எதற்கு, மரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் போட்டால்?

பதில்: மரத்தை எடுத்தாலும் தொல்லை போகாது, உருமாறும். அடிக்கட்டையும் தடித்த வேர்களும் மண்ணுக்குள் மக்கி அடங்கப் பல ஆண்டு ஆகும். மக்க மக்கத் தளத்தின் அடியில் பொந்து விழும். களிமண் என்றால் இன்னும் சிக்கல். மரம் இத்தனை நாள் உறிஞ்சிய ஈரம் இனி மண்ணிலேயே தங்கும். களிமண் உப்பித் தளத்தைக் கீழிருந்து தள்ளும். மரம் இருந்து தூக்குவதைவிட இது பரவலான தூக்கல்.

மரம் நோயுற்று எடுத்தே ஆக வேண்டும் என்றால், கட்டையைத் தரைக்கு 30 செ.மீ. கீழேயாவது அரைத்தெடுத்து, மரத்தூள் முழுவதையும் வாரி வெளியே போடுங்கள். தடித்த வேர்களைத் தொடர்ந்து போய் எடுத்துவிட்டு, 15 செ.மீ. படலமாக மண் நிரப்பி, ஒவ்வொரு படலத்தையும் நனைத்து இடியுங்கள். களிமண்ணானால் ஒரு மழைக்காலமாவது கடந்தபின் கான்கிரீட் போடுங்கள். நலமாக நிற்கும் மரத்தை 1.2 மீட்டர் கான்கிரீட்டுக்காக எடுக்காதீர்கள். தளத்தை உடைத்துத் திரும்பப் போடலாம். முப்பது ஆண்டு நிழலை அப்படிப் போட முடியாது.

கேள்வி: ஓரத்தில் தென்னை இருக்கிறது. பின்னால் மூங்கிலும் உண்டு.

பதில்: தென்னை வேர் விரல்கனத்தைத் தாண்டிப் பருப்பதில்லை, அதனால் தளத்தைத் தூக்கும் பயம் குறைவு. தூரிலிருந்து ஒரு மீட்டராவது விடுங்கள், போதும். மூங்கிலில் புதராக நிற்கும் வகை மெல்லத்தான் அகலும். மண்ணுக்குள் கிழங்குத்தண்டு ஓடும் வகை ஆபத்தானது. அதன் கூர்முனை விரிசலிலும் இணைப்பிலும் புகுந்து மெல்லிய தளத்தைப் பெயர்க்கும். 75 செ.மீ. ஆழத் தகடு இல்லாமல் அதன் பக்கம் கான்கிரீட் போடாதீர்கள்.

கேள்வி: போட்டு ஆறு ஆண்டான தளத்தில் ஒரு மூலை 3 செ.மீ. எழும்பிவிட்டது. வேரின் மேல்பாகத்தைச் செதுக்கிவிட்டு மறுபடி போடலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். செதுக்கிய வேர் நீளவாக்கில் திறந்த காயம். பூஞ்சை அங்கே குடியேறி அடிமரம்வரை அழுகல் போகலாம். 3 செ.மீ. எழுச்சியை இயந்திரத்தால் சாய்வாக அரைத்துவிட்டாலே கால் தடுக்காது. ஆனால் 10 செ.மீ. தளத்தில் அதற்குமேல் அரைத்தால் கம்பி வெளியே வந்துவிடும். அதற்குப்பின்னும் எழும்பினால் அந்தத் துண்டை உடைத்தெடுத்து, வேரின் முதுகில் மேலே சொன்ன ஃபோம் பட்டையைப் போட்டு, மட்டத்தைச் சற்று உயர்த்தி இருபக்கமும் சாய்வாக இறக்குங்கள். அல்லது அந்த மூலைக்கு மட்டும் பேவர் பிளாக் பதியுங்கள். எழும்பினால் நாலு கல்லைப் பெயர்த்துச் சரிசெய்துவிடலாம்.

கேள்வி: தளம் போட்டபின் எத்தனை நாள் நனைக்க வேண்டும்? மரத்துக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: குறைந்தது 7 நாள் ஈரம் காயக்கூடாது. வேர்ப் பக்கம் பாத்தி கட்டித் தேக்குவதைவிட, ஈரச் சாக்கு போட்டு அதன் மேல் பாலித்தீன் மூடுவது நல்லது. காரநீர் ஓரத்தில் வழியாது. 7 நாளுக்குப் பிறகு கார் ஏறலாம், கனரக வண்டி 28 நாளுக்குப் பிறகு.

பலகையைப் பிரித்தபின் ஓரத்துப் பள்ளத்தைத் தோண்டியெடுத்த அதே மேல்மண்ணால் நிரப்புங்கள். உடைந்த கான்கிரீட்டும் சிமென்ட் கழிவும் உள்ளே போகக்கூடாது. மரத்தைச் சுற்றி, தளம் வராத பக்கங்களில், 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு இலைச்சருகு மூடாக்கு போடுங்கள். அடிமரத்தை ஒட்டி 10 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். மழையில்லாத வாரங்களில் 25 மி.மீ. மழைக்குச் சமமான தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், ஒரே தவணையாக மெல்ல இறங்கும்படி விடுங்கள். தினமும் ஒரு குடம் ஊற்றினால் மேல்மண்தான் நனையும்.

முதல் ஆண்டு தழைச்சத்து உரமும் வேண்டாம், கிளை கழிப்பும் வேண்டாம். இழந்த வேரை ஈடுகட்ட மரத்துக்கு இலைதான் முதல். பாதிப்பு உடனே தெரியாது. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு கழித்துக்கூட உச்சிக்கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கலாம். ஆண்டுதோறும் துளிர்க்கும் பருவத்தில் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இலை சிறுத்தோ முன்னைவிடக் குறைவாகவோ வந்தால் அந்த ஆண்டு தண்ணீரையும் மூடாக்கையும் கூட்டுங்கள்.